சம்பூர்ணம் கட்டிய சிவப்பு நூல்

இடது விரலில் மொட்டைச் சாய்த்து, வலது கையில் சின்ன இடுக்கியோடு மூச்சை அடக்கிக்கொள்கிறார் சம்பூர்ணம். நாளைக் காலை விரியவேண்டிய நிலக்கடலைப் பூ. உள்ளிருக்கும் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார். "பேசாதீங்க சார், கை ஆடிப்போயிடும்" என்று, உடன் வேலை பார்க்கும் என்னை அதட்டுகிறார். எடுத்ததும் காம்படியில் ஒரு சிவப்பு நூல். விடிந்ததும் வேறொரு ரகத்தின் மகரந்தத்தை அதில் தடவுவார். நூல் இல்லையென்றால் எது கலப்புக்காய் என்று எந்த விஞ்ஞானிக்கும் தெரியாது.

கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகள். பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து முதல் பஸ் பிடித்து, நகர ஓரத்திலுள்ள இந்த எண்ணெய்வித்துப் பண்ணைக்கு இருபத்து மூன்று வருடமாக வருகிறார், தினக்கூலியாகவே. எந்தப் பருப்பையும் கடித்துப் பார்க்காமல் விடமாட்டார். "ஆறு மாசப் பழசு சார். சிக்கு வாடை வருதா பாருங்க! இது என் கை பட்டது." இவர் கலந்து கொடுத்ததில் வந்த, எண்ணெய் கெடாத அந்தப் புது ரகத்தின் பலகையில், உருவாக்கியவர்கள் என்று ஏழு பேர் பெயர் இருக்கிறது. இவர் பெயர் இல்லை. "பேரு கெடக்குது, வுடுங்க. பெர்மனென்ட் ஆனா போதும். இன்னும் ரெண்டு வருசந்தான் சர்வீசு."

நிரந்தரம் கேட்டுக் கொடுத்திருந்த மனுவுக்கு அடுத்த வாரம் பதில் வந்தது. வேலை நிரந்தரமில்லை. வருகைப் பதிவேட்டில் இருபத்து மூன்று வருடமும் அவர் பெயருக்கு நேரே கன்னடத்தில் 'களை எடுத்தல்' என்றே இருக்கிறதாம். களை எடுப்பவருக்கு நிரந்தரப் பணி கிடையாதாம். பதிவேட்டில் அப்படி எழுதியவர் பண்ணை அதிகாரி பிரகாஷ். "படிச்சவங்களுக்குத்தான் கலப்பு வேலைன்னு எழுதலாம். நான் என்னம்மா பண்றது?" என்றார், கூசாமல்.

சம்பூர்ணத்துக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பேசத்தான் தெரியும்; படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். "சும்னே, என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே, டெய்லி என் கையாலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேனே சார்" என்றார். அழவில்லை.

மறுநாள் மாலை நாலு மணிக்குக் இடுக்கியை எடுக்காமல், களைக்கொத்தோடு செடி வரிசையில் உட்கார்ந்தார். பிரகாஷ் இடுக்கியை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். "சம்பூர்ணம்மா, இன்னைக்கு விட்டா இந்த மொட்டெல்லாம் வீணாயிடும்!"

"நான் களை எடுக்கறவ சார்."

கொத்து மண்ணைக் கிளறிக்கொண்டே போனது. முந்தின நாள் சிவப்பு நூல் கட்டிய செடி வந்தது. கொத்தைக் கீழே வைத்தார். அந்தச் செடியைச் சுற்றியிருந்த புல்லை மட்டும், தண்டு அசையாமல், விரலால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.