மச்சான் குடித்த முதல் மிடறு

வெள்ளைக் கோப்பையில் கஞ்சியை ஊற்றி, என் முகத்தைப் பார்த்தபடியே மச்சான் குடித்த அந்த முதல் மிடறு எனக்கு மறக்கவே இல்லை. குடிக்கச் சொன்னவன் நான். என்னைப் பெற்ற வாப்பாவின் கஞ்சியில் அவர் எதையோ கலக்கிறார் என்று நான் நம்பிய காலம் அது.

மச்சான் என் தங்கச்சியின் மாப்பிள்ளை, பொத்துவில் ஆள். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்முனை வீட்டைத் தங்கச்சியின் பேருக்கு எழுதினார்கள், மாப்பிள்ளை அங்கே குடிவந்தார். நானும் அதே வழக்கப்படி சம்மாந்துறையில் கலியாணம் முடித்து மாமியார் வீட்டில் இருப்பவன்தான். அங்கே என்னை யாராவது அப்படிச் சந்தேகித்திருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன். ஆனாலும் மச்சான்மீது முதல் நாளிலிருந்தே எனக்கு ஒரு சந்தேகக் கண். உம்மா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு வாப்பாவின் சாப்பாடு, மருந்துக் குளிசை, குளிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. பெற்ற மகன் செய்யாததை வந்தவர் முகம் சுளிக்காமல் செய்தால், அதற்குள் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று என் புத்தி சொன்னது. என் புத்தி எப்போதும் அந்தப் பக்கம்தான் ஓடும்.

வாப்பாவுக்கு இதயக் கோளாறு. அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் டிகொக்சின் குளிசை கொடுத்து வந்தார்கள். ஒருமுறை படபடப்புக் கூடியதால், காசு கட்டி நேரம் எடுத்து, அதாவது சனல் பண்ணி, தனியார் டொக்டரிடம் காட்ட வாப்பாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். மச்சான் வாப்பாவின் மருந்து விவரம் எழுதிய கிளினிக் கொப்பியை என் கையில் தந்து, மறக்காமல் காட்டச் சொன்னார். கொப்பியைக் காட்டினால் சனல் டொக்டர் "அங்கேயே போங்க" என்று திருப்பிவிடுவார் என்று எங்கள் ஊரில் பலருக்கும் ஒரு பயம், எனக்கும் இருந்தது. போதாக்குறைக்கு ஓரங்களிலெல்லாம் மச்சான் தன் கையால் எழுதிவைத்த குறிப்புகள். அவர் கவனிப்புக்கு நான் ஏன் சாட்சி சொல்ல வேண்டும் என்ற எரிச்சலும் சேர்ந்தது. கொப்பியை அந்த வீட்டு அலுமாரிக்குப் பின்னால் செருகிவிட்டுப் போனேன். என்ன மருந்து குடிக்கிறார் என்று டொக்டர் கேட்டபோது, பிரஷருக்கு ஏதோ சின்னக் குளிசை என்றேன். அவர் வெரபமில் என்ற புதுக் குளிசையை எழுதினார்; வாப்பா இரண்டையும் சேர்த்துக் குடித்தார்.

ஒரு கிழமைக்குள் வாப்பாவுக்கு ஓயாத வாந்தி. நான் பார்க்கப் போனபோது, கஞ்சி ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று முனகினார். சுவரும் மஞ்சள், தலையணையும் மஞ்சள் என்றார். என் கண்ணுக்குக் கஞ்சி வெள்ளையாகத்தான் தெரிந்தது. நான் வருவது தெரிந்து மச்சான் இன்றைக்கு மட்டும் நல்ல கஞ்சி வைத்திருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். தங்கச்சி பார்த்துக்கொண்டு நிற்க, "முதல்ல நீங்க குடிங்க மச்சான்" என்றேன். தங்கச்சி அழுதாள். மச்சான் கஞ்சியைக் கோப்பையில் ஊற்றினார். குடித்தார்.

அன்று மாலையே வாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கிருந்த இளம் பெண் டொக்டரை ஒதுக்கமாகக் கூப்பிட்டு என் சந்தேகத்தையும் சொல்லி வைத்தேன். மறுநாள் காலையில் அவர் எங்களைக் கூப்பிட்டபோது அவர் மேசையில் அந்தக் கொப்பி இருந்தது. அது தானாக விழுந்து கிடந்ததென்று நினைத்து வீட்டில் யாரோ எடுத்து வந்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

உடம்பைக் கட்டியிருக்கும் நுண்ணிய கலங்களில் மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் இருக்கின்றன, புதுக் குளிசை அவற்றை அடைத்துவிட்டது, டிகொக்சின் வெளியேற வழியின்றித் தேங்கி நஞ்சாகிவிட்டது, மஞ்சள் தெரிவதும் அதனால்தான் என்றார் டொக்டர். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாதென்று இல்லையாம். பழைய குளிசையின் அளவைக் குறைத்து, இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டுமாம். சிறுநீரகம் பென்சிலினைச் சீக்கிரம் வெளியே தள்ளாதபடி அந்த வழியை வேண்டுமென்றே அடைக்கும் மருந்தும் உண்டென்றார். மருந்தைத் துப்பிவிடும் புற்றுநோய்க் கலங்களிலும் பம்பை அடைத்துப் பார்க்க ஆராய்ச்சி நடக்கிறதாம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த வாப்பா வயல்காரர். "தண்ணி போற வடிச்சல அடைச்சா வயல் அழுகும்தானே" என்றார். கொப்பியை ஏன் காட்டவில்லை என்று டொக்டர் கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன். மச்சான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாப்பா தேறி இன்னும் இரண்டு வருடம் இருந்தார். நான் போன ஒவ்வொரு நாளும் மச்சான் கஞ்சியில் ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் அவருக்குக் கொடுத்தார். அது குத்திக்காட்டலா, பழக்கமா என்று நானும் ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைத் துழாவினேன்.

இப்போது எனக்கும் இதயக் கோளாறு, எனக்கும் ஒரு கிளினிக் கொப்பி. போன மாதம் கிளினிக் முடிந்து தங்கச்சி வீட்டுக்குப் போனேன். மச்சானுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அதே மாதிரி வெள்ளைக் கோப்பையில் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து, என் முன்னால் நின்று கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனார். என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தக் கொப்பிய ஒளிச்சது நான்தான் மச்சான்" என்றேன்.

"தெரியும். அலுமாரிக்குப் பின்னால இருந்து எடுத்து டொக்டருக்கிட்டக் குடுத்தது நான்தானே."

சொல்லிவிட்டு வழக்கம்போல ஒரு மிடறு குடித்தார். பிறகு கோப்பையை என்னிடம் நீட்டினார்.