அண்ணனோடு போன ஆயர் கிரீடம்

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் போய் ஒரு வருஷம் ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவின்முறையாருக்கும் பழகியவர்களுக்கும் கூடப்பிறந்தவள் இந்த நினைவு மலர் வழியாக வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும்.

அண்ணன் பிறந்தது குடிகாட்டில். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொத்து வேலைக்குப் போனார். செம்மண்டலத்தில் அவர் கை படாத தெரு குறைவு. எனக்குக் கல்யாணம் செய்துவைத்த பிறகுதான் தனக்குச் செய்துகொண்டார். யாரையும் அவர் வாடா போடா என்று பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் கோவில் புனித பிளாசியார் கோவில். அவர் கதை பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அவர் செபஸ்தே பட்டணத்து ஆயர், அதாவது பிஷப். கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லி அதிபதி அவரைப் பிடித்துவரச் சொன்னான். தொண்டையில் மீன்முள் சிக்கிச் சாகக் கிடந்த ஒரு பிள்ளையை அந்தக் கஷ்டத்திலும் காப்பாற்றினார். அதனால்தான் திருவிழா அன்று சாமியார் இரண்டு மெழுகுவர்த்தியைக் குறுக்காக வைத்து நம் தொண்டையை மந்திரிக்கிறார். அப்பேர்ப்பட்டவரைக் கம்பத்தில் கட்டி, இரும்புச் சீப்பால் உடம்பைக் கிழித்து, தலையை வெட்டினார்கள். அவர் வாய் திறந்து முறையிடவில்லை.

திருவிழாவில் இதை நாடகமாகப் போடுவோம். அண்ணன்தான் ஆயர். அவர் தலையில் வைக்கும் கிரீடம் என் கல்யாணப் பட்டுப்புடவையை வெட்டி நான் தைத்தது. சீப்பால் கிழிக்கும் சேவகன் வேஷம் எங்கள் சித்தப்பா மகனுக்கு. தச்சு வேலைக்காரர். அவர் பெயர் இந்த மலரில் வராது. ஆயர் வேஷம் வேண்டும் என்று வருஷா வருஷம் கேட்பார். ஊரார் கொடுக்கவில்லை.

சுனாமி வந்த மறு வருஷம் நான் அட்டையில் சீப்பு வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிக் கொடுத்திருந்தேன். அவர் மேடைக்குக் கொண்டுவந்தது அது இல்லை. பலகையில் ஆணி அடித்து, அதன்மேல் வெள்ளித்தாள் சுற்றிக் கொண்டுவந்தார். அண்ணன் முதுகில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். ரத்தத்தைச் சாயம் என்று நினைத்து சனம் கைதட்டியது. "இன்னாமா நடிக்கிறாருய்யா" என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். அண்ணன் தன் செபத்தைக் குரல் நடுங்காமல் சொல்லி முடித்தார்.

சித்தப்பா மகனிடம் போய்க் கேட்டேன். "கூத்துன்னா அப்பிடி இப்பிடி படத்தான்க்கா செய்யும்" என்றார் அந்தப் புண்ணியவான்.

வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டும்போது, "சாமியாருகிட்ட சொல்லுண்ணா" என்றேன்.

"பிளாசியாரு வாயத் தொறந்தாரா பாப்பா? நானும் தொறக்க மாட்டேன்."

"நீ பிளாசியாரு. நான் இல்ல."

அதன்பிறகும் அண்ணன் அவரோடு மேடை ஏறினார். நான் அவர் வீட்டு நல்லதுக்கும் போகவில்லை, கெட்டதுக்கும் போகவில்லை.

போன வருஷம் அண்ணன் சிறுநீரகம் கெட்டுப்போய் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கேயே உயிர் பிரிந்தது.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடுகிற நேரம். ஆணியும் சுத்தியலுமாக நின்றவர் சித்தப்பா மகன்தான். என் பக்கம் குனிந்து, "அக்கா, அந்தக் கிரீடத்த எங்கிட்ட குடுத்துடு. வர்ற வருஷம் நாந்தான் ஆயருன்னு பேசி முடிச்சிட்டாங்க" என்றார்.

"கொண்டாந்துருக்கேன், இரு தம்பி."

முந்தானைக்குள் இருந்ததை வெளியே எடுத்தேன். அவர் கையை நீட்டினார். நான் அதை அண்ணன் தலையில் வைத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்தேன்.

"இப்ப மூடி அடி. ஆணி அடிக்கத்தான் உனக்கு நல்லா வருமே."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அடித்தார்.

இந்த வருஷத் திருவிழாவில் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டைக் கிரீடத்தோடு ஆயராக வந்தார். சனம் சிரித்தது.

ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றித் துணைக்கு இருந்த மருமக்களுக்கு நன்றி. அண்ணனைக் குளிப்பாட்டும்போது முதுகுத் தழும்பைப் பார்த்து, அது எப்படி வந்தது என்று என்னிடம் கேட்டு, கேட்டதை நாலு பேருக்குச் சொன்ன தம்பிமாருக்கு நன்றி. மூடியை அசையாமல் அடித்துக் கொடுத்த சித்தப்பா மகனுக்கும் நன்றி. அச்சாகி வந்த முதல் மலரை அவர் வீட்டுக்குத்தான் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.