என் பெயரில் இன்னொருத்தி

இன்று எங்கள் வர்த்தகர் சங்கத்தின் வேலைவாய்ப்பு முகாம். படித்த பிள்ளைகள் பெங்களூருக்கு ஓடாமல் திண்டுக்கல் கம்பெனிகளிலேயே சேரட்டும் என்று நடத்துவது.

வாசலில் பதிவு மேசையில் நான் இருந்தேன். வேடசந்தூர்ப் பெண் ஒருத்தி பெரிய பெட்டியோடு வந்து நின்றாள்.

"அக்கா, தாய்லாந்து வேலைக்கு எங்க நிக்கணும்? பாஸ்போர்ட் கொண்டாந்திருக்கேன்."

"இங்க உள்ளூர் வேலை மட்டும்தாம்மா. யாரு சொன்னா?"

"உங்க சங்கத்து ஸ்டெல்லா மேடம். போன்லதான் பேசுவாங்க. நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வா, வேன் நிக்கிதுன்னாங்க. நான்தான் ஒரு எட்டு ஆபீசைப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்."

ஸ்டெல்லா நான்தான்.

அதைச் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"எங்கம்மா இருக்க? ஸ்டெல்லா மேடம் பேசுறேன். எல்லாரும் வண்டில ஏறியாச்சு, நீதான் பாக்கி." அப்படி ஒரு கனிவான குரல்.

"நான்தான் ஸ்டெல்லா. நீங்க யாரு?" என்றேன்.

உடனே வைத்துவிட்டாள்.

போலீசுக்குச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். அங்கே வேன் எதுவும் இல்லை.

அந்தப் பெண்ணை அவள் அப்பா வந்து அழைத்துப்போனார். ஆனால் வண்டியில் ஏறிவிட்ட அந்த "எல்லாரும்" யார் வீட்டுப் பிள்ளைகள்?

சங்கத்திலிருந்து ஸ்டெல்லா பேசுகிறேன் என்று யாராவது இனிமையாகப் பேசினால் நம்பாதீர்கள். நான் இனிமையாகப் பேச மாட்டேன். என்னிடம் திட்டு வாங்கியவர்கள் கமெண்டில் வந்து சாட்சி சொல்லுங்கள்.