ஆற்றுக்கு இந்தப் பக்கம்

இரண்டு வருடத்துக்கு முன்னால், தை மாதம், பொங்கல் கழிந்த அடுத்த வாரம் நடந்தது இது. இடம், ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அய்யனார் கோவில் பாதை.

நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். என் வீட்டுக்காரர் நூல் மில்லில் ஃபிட்டர். அதற்கு முந்தைய வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு நான் அய்யனாரிடம் வேண்டிக்கொண்டேன். ஆளை மட்டும் திருப்பிக் கொடு, அவர் செருப்பில்லாமல் தன் காலால் நடந்து வந்து உனக்குப் பொங்கல் வைப்பார் என்று.

சாமி திருப்பிக் கொடுத்துவிட்டது. கை தேறியது. காலும் நடக்க வந்தது. ஆனால் இடது பாதம் மட்டும் தொங்கும், தரையில் இடறும். அதைப் பிடித்து நிறுத்த டாக்டர் ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்து, அதன்மேல் பூட்ஸ் போட்டுத்தான் நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

அன்றைக்கு விடிந்து கொஞ்ச நேரத்தில் ஆட்டோக்காரர் எங்களை நீர்த்தேக்கத்துக் கரையில் இறக்கிவிட்டார். அந்தக் காலையை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் அசையவே இல்லை. மலை முழுசும் தலைகீழாக அதற்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. மேலே பனி, கீழேயும் பனி. ஒரு கொக்கு பறந்தபோது தண்ணீருக்குள்ளும் ஒன்று கூடவே பறந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆஸ்பத்திரி, மாத்திரை, லீவு லெட்டர் எல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போல இருந்தது.

பிறகு நான் குனிந்து அவருடைய பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"மதினி, அத கழட்டாதீங்க. மேல கல்லு பூரா பாசி பிடிச்சிருக்கு."

திரும்பிப் பார்த்தேன். மரத்தடியில் மூன்று சக்கர ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒருவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியிருந்தது. அதில் இரும்புக் கம்பி வைத்த கனமான பூட்ஸ். சேத்தூரில் தையல் கடை வைத்திருப்பதாகப் பிறகு சொன்னார்.

"சாமி காரியம்ணே. செருப்புக் காலோட போகக் கூடாது," என்றேன், அவருடைய பூட்ஸைப் பார்த்தபடியே.

அவர் கோபப்படவில்லை. "என் காலுக்கு அந்த ரூல்ஸ் தெரியாது மதினி," என்று சிரித்துவிட்டு எங்களுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

கோவிலுக்குப் போகிற பாதையில் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வருகிறவர் எனக்குப் புத்தி சொல்வதா என்றுதான் என் மனதில் ஓடியது. மறைப்பானேன். பட்டையையும் பூட்ஸையும் பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டேன். இன்னொரு கையில் பொங்கல் பானை.

கரையோரம் வரை நடை சுலபமாக இருந்தது. மரங்களுக்குள் நுழைந்ததும் பாதை கல்லும் வேருமாக மாறியது. இலையிலிருந்து பனி சொட்டும் சத்தம். எங்கேயோ ஓடும் தண்ணீரின் சத்தம், கிட்டே வருவது போலவும் விலகிப் போவது போலவும். பின்னாலிருந்து ஊன்றுகோலின் டக், டக்.

"அண்ணாச்சி, அந்தா இருக்கது ரெண்டாம் நம்பர் கல்லு. செத்த நேரம் உக்காந்துக்கிடுங்க," என்றார் தையல்காரர்.

"கல்லுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்காகளா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நான் போட்டதுதான். கால் நல்லாருக்கவுகளுக்கு ஆறு வரைக்கும் பத்து நிமிசம். நமக்கு நாலு கல்லு."

தையல்காரர் மாதத்துக்கு ஒரு தடவை சும்மா ஆற்றோரம் உட்கார வருவாராம். எந்தக் கல்லில் சாய்ந்துகொள்ள முடியும், எங்கே உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று அவருக்கு அத்துப்படி. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு நீர்த்தேக்கத்துக் கரை போதும், தன்னைப் போன்றவர்களுக்கு ஆறு வரைக்கும், மற்றவர்களுக்கு அக்கரை என்றார். மூன்று இடத்திலிருந்தும் அதே மலைதான் தெரிகிறது என்றார். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நேரமாகிறது என்று அவசரப்படுத்தினேன்.

ஆற்றைத் தாண்டினால்தான் கோவில். தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஓடியது. என் வீட்டுக்காரர் செத்த நேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் "வாங்க" என்றேன். இறங்கினார்.

மூன்றாவது எட்டில் இடது பாதம் பாசிக் கல்லில் மடங்கியது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். தண்ணீர் அவரைப் புரட்டிக் கீழே பள்ளத்துப் பக்கம் இழுத்தது. தலை ஒரு தடவை உள்ளே போய் வந்தது. பானையைக் கரையில் போட்டுவிட்டு இறங்கினேன். எனக்கு அவர் சட்டை நுனிதான் கிடைத்தது.

அதற்குள் தையல்காரர் பாறையில் உட்கார்ந்து, அப்படியே சறுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் வந்துவிட்டார். இரும்பு பூட்ஸை இரண்டு கல்லுக்கு நடுவே முட்டுக்கொடுத்து, ஊன்றுகோலை நீட்டினார். "அண்ணாச்சி, வலது கையால பிடிங்க. வலது கை." அவர் பிடித்தார். நான் தள்ள, தையல்காரர் இழுக்க, எப்படியோ கரைக்கு வந்தோம்.

ஆறு ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. நான் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினேன்.

"கழட்டும்போதே தெரியும்ட்டி, இந்தக் கால் தாண்டாதுன்னு," என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக.

"பொறவு ஏங்க சொல்லல?"

"நீ வேண்டிக்கிட்டது. என்னால அது பொய்யாப் போயிரக் கூடாதுல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாமிக்கு நான் செய்யும் கடன் என்று நினைத்திருந்தேன். அந்த மனுஷன் என் வாக்குக்காகத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். இப்போது திரும்பிப் போனால் சாமி குற்றம் ஆகுமே என்று அப்போதும் புலம்பினேன்.

தையல்காரர் பூட்ஸிலிருந்து தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னார். "மதினி, நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். உங்க சாமி சட்டம் எனக்குத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அய்யனாருக்கு எம்புட்டுப் பெரிய குதிரை இருக்கு. அண்ணாச்சிக்கு இருக்கது ஒரு கால். யாரு யாரைப் பாக்க வரணும்?"

நனைந்த சட்டையோடு என் வீட்டுக்காரர் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நான் குனிந்து, பட்டையைத் துடைத்து அவர் காலில் மாட்டி, பூட்ஸைப் போட்டுக் கயிற்றைக் கட்டினேன். தையல்காரர் சொன்ன நாலாம் நம்பர் கல்லில் இரண்டு பேரையும் வெயில் படும்படி உட்காரவைத்துவிட்டு, பானையோடு நான் மட்டும் அக்கரைக்குப் போனேன்.

சன்னதியில் நின்று, உள்ளதை உள்ளபடி சொன்னேன். "இது நான் வைக்கிற பொங்கல். அவரு ஆத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்காரு. செத்த போய்ப் பாத்துட்டு வா." அதற்கு முன் சாமியிடம் நான் அவ்வளவு உரிமையாகப் பேசியதில்லை. பயமே இல்லை.

பொங்கலைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது பனி விலகியிருந்தது. மரங்களுக்கு நடுவே வெயில் தூண் தூணாக இறங்கியிருந்தது. இரண்டு பேரும் பாறையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்கள். தூங்குகிறார்களா, தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கிறார்களா என்று தெரியவில்லை. எழுப்ப மனசு வராமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று நினைவில்லை. பிறகு மூன்று பேரும் தேக்கிலையில் வைத்துப் பொங்கல் சாப்பிட்டோம். தையல்காரர் சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

இப்போதும் நாங்கள் போகிறோம். கால் ஒத்துழைத்தால் ஆறு வரை, இல்லாவிட்டால் கரையோடு சரி. அதற்குப் பிறகு சாமியிடம் எதை வேண்டினாலும், அதை யாருடைய உடம்பால் செலுத்தப் போகிறேன் என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.