கோட்டுக்குள்ளே ‘ங்க’ கிடையாது

கிளாடிஸ் எங்கள் அணிக்கு வந்த விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வருகின்றன. அவளுக்கு ஈடாக எங்கள் கம்பெனி காரமடை அணிக்குக் கொடுத்தது ஒரு மெஷின். இரண்டு பம்ப்செட் மோட்டாரிலும் ஒவ்வொரு சக்கரத்தை மாட்டி, நடுவில் பந்தைத் தள்ளினால் அம்பாகப் பாயும்படி எங்கள் பட்டறையிலேயே செய்தது. பேஸ்பாலில் அடித்துப் பழக அதைவிட நல்ல சாமான் இந்த வட்டாரத்தில் கிடையாது. காரமடைக்காரர்கள் அதன்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தார்கள். சீசன் பாதியில் ஆட்களை மாற்றிக்கொள்ளும் வாரம் வந்ததும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பதிலுக்குத் தங்கள் கேட்சரை அனுப்பினார்கள்.

வந்த முதல் நாள் துடியலூரில் எங்கள் மைதானத்து ஷெட்டுக்குள் நுழைந்தவள், “ஏனுங்க, அந்த மெஷினு எங்க இருந்துச்சுங்க?” என்று என்னிடம் கேட்டாள். மூலையில் எண்ணெய்க் கறை படிந்த காலி இடத்தைக் காட்டினேன். நேராகப் போய் அங்கே பையை வைத்தாள்.

“செரி. இனி இது என்ற எடமுங்க.”

எங்கள் மகளிர் லீக்கில் ஆறு அணிகள். முதல் நான்கு அணிகளுக்குத்தான் பிளே ஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்கள். பள்ளிக்கூடத்தில் கோகோ அணியில் இடமில்லாமல் பேஸ்பாலுக்கு வந்தவள் கிளாடிஸ். மட்டைக்காரிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தே பந்து பிடிக்க வேண்டிய கேட்சர் வேலையை வேறு யாரும் ஏற்கவில்லை என்பதால் அது அவள் தலையில் விழுந்தது. முட்டி தேய்ந்தது, விரல் கோணியது. முகக்கவசத்தின் கம்பி வளையும்போதெல்லாம் அவள் வீட்டுக்காரர் பாக்கியசாமி தன் வெல்டிங் பட்டறையில் நிமிர்த்திக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையை முடித்துவிட்டு நேரே மைதானத்துக்கு வந்துவிடுவாள். இத்தனை பாடுபட்டும் ஒருமுறைகூட பிளே ஆஃப் ஆடியதில்லை. இந்த வருஷம்தான் காரமடை பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. வந்ததும் இவளைக் கழற்றிவிட்டு, ஐந்தாம் இடத்தில் கிடந்த எங்களிடம் தள்ளிவிட்டார்கள்.

எங்கள் பிட்சர், அதாவது பந்து எறிகிறவள், பிரீத்திகா. வாய்த்துடுக்கு. கிளாடிஸுக்குக் ‘கைமாத்து அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

“கைமாத்துன்னா திருப்பிக் குடுக்கோணும் கண்ணு. என்னையத் திருப்பிக் குடுக்க முடியாது. பிளே ஆஃப் ஆடாம நான் இங்கிருந்து நகர மாட்டேன்” என்றாள் கிளாடிஸ்.

பிளே ஆஃபா, நாங்களா? எங்கள் சங்கடம் என்னவென்று அவளுக்கு முதல் ஆட்டத்திலேயே தெரிந்துபோயிற்று. மூன்றாவது பேஸ் என்ற இடத்தில் நின்று ஆடுகிறவர் தேஜஸ்ரீ மேடம். எங்கள் கம்பெனி முதலாளி கோவிந்தராஜுலுவின் மருமகள். ஆட்டக்காரிகள் மற்ற எல்லோரும் அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள். நான் மோட்டார் வைண்டிங்கில் இருக்கிறேன், மைதானத்தில் மேடத்துக்குப் பக்கத்து இடம். அன்றைக்கு உயரே எழுந்த பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் இறங்கியது. தரையில் விழுமுன் பிடித்தால் அவுட்.

“நீங்க புடிங்க மேடம்” என்றேன்.

“இல்லீங்க ஹர்ஷிணி, நீங்களே புடிங்க” என்றார் அவர்.

கல்யாணப் பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று உபசாரம் செய்துகொள்வதுபோல் நாங்கள் நிற்க, பந்து இருவர் காலடியிலும் பொத்தென்று விழுந்தது. ஆட்டமும் போயிற்று.

முடிந்ததும் கிளாடிஸ் எங்களை வட்டமாக நிறுத்தினாள். “ஏனுங்க, எனக்கும் உபசாரம் தெரியுமுங்க. ஊட்டுக்கு வாங்க, சாப்பிடாம ஒருத்தரையும் போக உட மாட்டேன். ஆனா இந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள்ள ‘ங்க’ வேண்டாமுங்க. எட்டு பேரும் நிக்கறது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் பேரச் சொல்லி ‘புடி’ன்னா புடிக்கோணும், ‘உடு’ன்னா உட்டுப்போடோணும். உங்களுக்குள்ளயும் அப்படித்தான்.”

“மேடத்தையுமா?” என்றேன் மெதுவாக.

“பந்துக்கு மொதலாளி யாருன்னு தெரியுமாங்க?”

மேடம் தன் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “எனக்கும் அது செரின்னு படுதுங்க” என்றார்.

சொல்லிவிட்டார், ஆனால் அவர் வாயில் அது வரவே இல்லை. வாட்ச்மேனைக்கூட ‘வாங்க’ என்று கூப்பிடுகிறவர். எங்களுக்கும் நாக்கு எழவில்லை. கிளாடிஸ் மட்டும் பயிற்சியில் “தேஜா, உடு!” என்று போட்ட சத்தத்தில் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். மறுநாள் முதலாளி அறையிலிருந்து அவளுக்கு அழைப்பு. துணைக்கு நானும் போனேன், கதவுக்கு வெளியே நிற்கத்தான்.

“என்ற மருமகளப் பேரு சொல்லி அதட்டறீங்களாமா?”

“கோட்டுக்குள்ள மட்டுமுங்க ஐயா. வெளிய வந்தா மேடம்தானுங்க.”

முதலாளி, “பந்து கீழ உழுகறது நின்னுதுங்களா?” என்று கேட்டார்.

“மேடம் வாயத் தொறந்தா நின்னுபோயிருமுங்க.”

வேலை போயிற்று என்று நான் நினைத்தேன். அவரோ சிரித்துவிட்டு, “போங்க, போயி ஆடுங்க” என்றார்.

ஆடினோம். ஒவ்வொருத்தியாக நாக்கு எழுந்தது. நானே ஒருநாள் “தேஜா, புடி!” என்று கத்திவிட்டு இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் திரிந்தேன். பந்துகள் தரைக்கு வருவது குறைந்தது, வெற்றிகள் வந்தன. மேடம் மட்டும் மாறவில்லை. ‘உடு’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் பேசாமல் ஒதுங்கிக்கொள்வார். கடைசி லீக் ஆட்டத்துக்குப் போகும்போது நாங்கள் இன்னும் ஐந்தாம் இடம்தான். ஜெயித்தால் நான்காவது, பிளே ஆஃப். தோற்றால் வீடு. எதிரி காரமடை.

ஆடிக் காற்று அந்த மைதானத்தையே புரட்டிக்கொண்டிருந்தது. காரமடைக்காரிகள் எங்கள் மெஷினில் பழகிய கையால் பிரீத்திகாவின் வேகப்பந்துகளை வெளுத்து வாங்கினார்கள். கிளாடிஸ் எழுந்து அவளிடம் போனாள்.

“நம்ம மெஷினுக்கு ஒரே வேகந்தான். இவளுக கையும் அதுக்கே பழகிப்போச்சு. மெதுவாப் போடு கண்ணு.”

அதற்குப் பிறகு அவர்கள் பந்து வருமுன்னே மட்டையை வீச ஆரம்பித்தார்கள். கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரே ஒரு ரன் முன்னால். இன்னும் ஒரு அவுட் வேண்டும். மட்டையோடு வந்து நின்றவள் ரூத், கிளாடிஸின் பழைய சிநேகிதி. பிரீத்திகா மெதுவாகப் போட்டாள். ரூத் அவசரப்பட்டு வீச, பந்து மட்டையின் மேல்விளிம்பில் பட்டு நேரே வானத்துக்குப் போனது.

கிளாடிஸ் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்தாள். “நான்! நான்!” என்று கத்திக்கொண்டே பந்துக்குக் கீழே வந்து இரண்டு கையையும் தூக்கினாள். இத்தனை வருஷமாக அவள் காத்திருந்த பந்து அது. ஆனால் காற்று அதை மூன்றாவது பேஸ் பக்கம் தள்ளிக்கொண்டே போனது. அவள் அண்ணாந்தபடி பின்னுக்கு நகர்ந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மேடம் ஓடிவருவது எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியாது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் வேறொரு குரல் கேட்டது.

“கிளாடிஸ், உடு!”

யார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். அப்படி ஒரு குரல் மேடத்துக்கு இருக்கிறதென்று அதுவரை எனக்குத் தெரியாது.

கிளாடிஸின் கைகள் ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு கீழே இறங்கின. குனிந்து, ஒதுங்கி, வழிவிட்டாள். பந்தைப் பார்க்கக்கூட இல்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

தேஜா பிடித்தாள். ஆமாம், ‘பிடித்தாள்’ என்றுதான் எழுதுகிறேன், கோட்டுக்குள்ளே நடந்தது.

நாங்கள் எல்லோரும் கூச்சலிட்டு ஓடிப் போனபோது கிளாடிஸ் மண்ணில் முட்டிபோட்டு விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். நாங்கள் என்ன சொன்னாலும் அவள் காதில் விழவில்லை. தேஜா பந்தை அவள் கையில் வைத்தாள்.

“மன்னிச்சுக்கோங்க கிளாடிஸ். அவசரத்துல அப்படிக் கத்திப்போட்டேனுங்க.”

கிளாடிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோடு எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள்.

“இன்னும் உள்ளதான் நிக்கறோம் தேஜா” என்றாள். “ ‘ங்க’ போடாத.”