திருப்பி வைத்த இயந்திரம்

என் அக்கா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்றதும் எல்லாரும் நர்ஸா என்று கேட்பார்கள். நர்ஸ் இல்லை. ஆபரேஷன் முடிந்து வரும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, நீராவியில் போட்டு எடுத்து, அடுத்த ஆபரேஷனுக்குத் தட்டுத் தட்டாக அடுக்கிக் கொடுக்கும் அறையில் இருக்கிறாள். ஜன்னல் இல்லாத அறை. ஒரு இடுக்கி குறைந்தால் டாக்டர் கத்துவார் என்பதால் எதையும் எண்ணி எண்ணி வைத்தே அவளுக்குப் பழகிவிட்டது. வீட்டில் யாராவது உப்பு டப்பாவை நகர்த்தி வைத்தால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிடுவாள் என்று நான் கேலி செய்வதுண்டு.

அவளுக்குப் பொம்மைக் கட்டைப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அவள் மகள். ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் கட்டைகளால் லாரி செய்கிற பெட்டி ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். பெண் படத்தைப் பார்த்துச் செய்தாள், ஒரு வாரம் உருட்டினாள், மறந்துவிட்டாள். தூசி துடைக்கப் போன அக்கா, பின்சக்கரம் உருண்டால் முன்னால் இருக்கும் பிஸ்டன் ஏன் ஏறி இறங்குகிறது என்று குனிந்து பார்த்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. லாரியைக் கழற்றிக் கிரேன் செய்தாள். கிரேன் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று எடைக்கல் சேர்த்தாள். எடைக்கல் சேர்த்ததும் சுழலவில்லை என்று அடியில் பல்சக்கரங்களை மாற்றினாள். மகள் இப்போது வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். கட்டைகள் மட்டும் வீட்டிலேயே இருந்து குட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன.

அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது என் மாமாவுக்கு, பஸ் டிப்போவில் வேலை. கியர்பாக்ஸைக் கழற்றிப் பூட்டுகிற பிரிவு. "நாள் பூரா கியரோட மாரடிச்சிட்டு வர்றேன், வீட்டுக்கு வந்தாலும் கியரா?" என்று ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னார். பிறகு அதையும் சொல்வதில்லை. சாப்பாட்டு மேசையில் பாதி இடம் அக்காவின் இயந்திரத்துக்கு, பாதி இடம் தட்டுகளுக்கு. மாமா நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார். திட்ட மாட்டார். கேலி செய்ய மாட்டார். இயந்திரம் கடகடவென்று ஓடினாலும் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்ப மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீ எப்படித்தான் பொறுத்துக்கறியோ?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"திட்டினாக்கூடப் பதில் சொல்லலாம். இதுக்கு என்ன சொல்றது?" என்றாள். கொஞ்ச நேரம் ஒரு அச்சைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். "உங்க மாமா ஒரே ஒரு தடவை உக்காந்து இது ஓடறதைப் பாத்தா போதும்டா. நல்லா இருக்குன்னுகூடச் சொல்ல வேண்டாம்."

இதற்கெல்லாம் ஒரு கூட்டம் இருக்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒரு பல் டாக்டர்தான் அதற்குத் தலைவர். வருஷத்துக்கு ஒரு நாள் நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் மேசைகளை வளையமாகப் போடுவார்கள். ஆளுக்கு ஒரு இயந்திரம் கொண்டுவர வேண்டும். வேலை ஒன்றுதான்: ஒரு பக்கத்துப் பெட்டியில் வந்து விழும் கோலிக்குண்டு அளவுப் பந்துகளைத் தூக்கி, ஏற்றி, உருட்டி, எப்படியோ அடுத்தவர் பெட்டியில் போட வேண்டும். அவர் அதற்கடுத்தவர் பெட்டியில் போடுவார். இப்படிப் பந்துகள் வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருவர் இயந்திரம் மக்கர் செய்தால் அத்தனை பேருடையதும் நிற்க வேண்டியதுதான். இந்த வருஷம் அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். மாடிப்படி மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கும் படிகள் வழியாகப் பந்துகள் தாவித் தாவி மேலே போகும் இயந்திரம் ஒன்றை அவள் மாதக்கணக்கில் கட்டினாள். கட்டும்போதே அதன் முகத்தை மாமாவின் நாற்காலிப் பக்கம் வைத்துவிட்டு, தான் முதுகுப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். மாமா சுவரைத்தான் பார்த்தார்.

என்னிடம் ஒரு வேன் இருக்கிறது. அதனால் குடும்பத்தில் யாருக்கு எந்தப் பாரம் என்றாலும் என் தலையில்தான் விடியும். அன்று காலை இயந்திரத்தை அட்டைப் பெட்டியில் வைத்து ஏற்றினோம். மாமாவுக்கு விடுமுறை. "நீங்களும் வாங்க மாமா, பெட்டி தூக்க ஆள் வேணும்" என்றேன். அது பொய். நான் ஒருவனே தூக்கிவிடுவேன். அவர் வந்தார், ஆனால் பெட்டியை என்னையே தூக்க விட்டுவிட்டு அங்கே கிடந்த மேசை, நாற்காலிகளை மட்டும் தூக்கிப் போட்டார்.

கூடத்தில் மற்றவர்கள் இயந்திரங்களை இணைத்துவிட்டார்கள். அக்காவுக்கு விட்டிருந்த இடைவெளியில் நாங்கள் இயந்திரத்தை வைத்தோம். பல் டாக்டர் வந்து பார்த்தார். இடது கன்னத்தைச் சொறிந்தார். பல்லில் பெரிய ஓட்டை இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் டாக்டர்கள் காட்டும் முகம் அது.

"அம்மா, பந்து எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம் போகுது?"

"இடதுல இருந்து வலது. நீங்க அனுப்பின படத்துல அப்படித்தானே இருந்துச்சு?"

"ஆமா. ஆனா பாக்க வர்றவங்களுக்கு இடது. உங்களுக்கு இல்ல."

அக்கா முகம் செத்துவிட்டது. முதுகுப் பக்கம் உட்கார்ந்து கட்டியதால் தன் இடது கையையே இடது என்று எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் எதிர்த்திசையில் கட்டியிருக்கிறாள். அடுத்தவர் பந்தைக் கொண்டுவந்து போடுகிற இடத்தில் இவளுடைய பந்து வெளியே வருகிறது. மாமா பார்க்கட்டும் என்று முகத்தைத் திருப்பி வைத்ததன் பலன் இது. எனக்கு மாமா மேல் வந்த ஆத்திரத்தில் நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை.

மாமா கூரையில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மோட்டாரை ரிவர்ஸ்ல ஓட்டினா என்ன?"

"படி அப்பவும் மேல கீழதாங்க போகும். பந்து ஏறாது, அங்கேயே நின்னு ஆடும்" என்றாள் அக்கா.

"பரவால்லம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று பல் டாக்டர் தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மைதான் அவளை உசுப்பியிருக்க வேண்டும். "இருங்க டாக்டர்" என்றாள். இயந்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே அரை வட்டம் திருப்பினாள். இப்போது பந்து சரியான திசையில் போகும். முகம் வளையத்துக்கு உள்ளே போய்விட்டது; முதுகு ஜனங்களைப் பார்த்தது. மோட்டாரும் ஒயரும் பேட்டரிப் பெட்டியும்தான் இனி வெளியே தெரியும். பார்த்துப் பார்த்து இழைத்த பக்கம் யார் கண்ணிலும் படாது. பந்து விழும் பெட்டியைக் கழற்றி ஓரம் மாற்றினாள். வெளியேறும் ஓடைக்கு கையோடு கொண்டுவந்த உதிரி டப்பாவிலிருந்து கட்டைகள் எடுத்து நீளம் கூட்டினாள். ஒருமுறை பந்து தெறித்தது. தடுப்புக்கு ஒரு கட்டை வைத்தாள். தெறிப்பது நின்றுவிட்டது.

இன்னொரு சிக்கல். சுவிட்சும் வெளிப்பக்கம் வந்துவிட்டதால் அக்கா வளையத்துக்கு வெளியே, கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றோரம், ஜனங்களோடு நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே படிகளில் பந்து சிக்கினால் எடுத்துவிட இன்னொரு ஆள் தேவை. வளையம் இணைந்துவிட்டதால் மேசைக்கு அடியில் தவழ்ந்துதான் போக முடியும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு என் தொப்பையைப் பார்த்தார்கள். மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார்.

வளையம் ஓட ஆரம்பித்தது. கூட்டம் வந்தது. அக்காவின் இயந்திரம் எங்கும் நிற்கவில்லை. நான் கயிற்றோரம் நின்று மாமாவைக் கவனித்தேன். பிளாஸ்டிக் முக்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முகத்துக்கு முழம் தூரத்தில் இயந்திரம். பந்து சிக்குகிறதா என்று பார்க்க வேண்டியது கடமை, சுவரைத் தேட அங்கே சுவரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், முன்னால் சாய்ந்திருந்தார். அப்புறம் பாக்கெட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பக்கத்து இயந்திரக்காரர் ஏதோ பேச்சுக் கொடுத்தார். மாமா காதில் விழவில்லை.

சாப்பாட்டுக்காக வளையத்தை நிறுத்தி, ஒரு மேசையை நகர்த்தி வழிவிட்டார்கள். அக்காவும் நானும் பொட்டலங்களோடு உள்ளே போனோம். அப்போதுதான் நானும் அந்தப் பக்கத்தை முழுதாகப் பார்த்தேன். கடைசி வாரத்தில் சேர்த்திருக்கிறாள். படிகளுக்கு முன்னால் ஒரு சமையலறை. ஜன்னல், அடுப்பு, மேசை. அடுப்படியில் சாண் உயரத்தில் ஒரு பெண். மேசையில் ஒரு ஆள். நீலச் சட்டை, பாக்கெட்டில் மஞ்சள் ஸ்பானர், சட்டைக் கையில் கிரீஸ் கறைக்கு ஒரு கறுப்புக் கட்டை.

மாமா பொட்டலத்தை வாங்கவில்லை. "இது நான்தானே?" என்றார்.

"நீலக் கட்டை மிச்சம் இருந்துச்சு, போட்டேன்."

"ஒவ்வொரு பந்து ஏறும்போதும் அவ திரும்பி இவனைப் பாக்கறா. இவன் ஒரு தடவைகூடத் திரும்பல. காலையில இருந்து பாக்கறேன்."

"அவன் கழுத்தைத் திருப்பச் சக்கரம் ஒண்ணும் வைக்கலைங்க."

"அச்சு அசலா செஞ்சிருக்கா மாமா" என்றேன். அடக்க முடியவில்லை.

"நீ சும்மா இரு மச்சான்." அவர் அக்காவைத்தான் பார்த்தார். "அந்தக் கிரேன் ஞாபகம் இருக்கா? சாப்பாடு வைக்கணும்னு அதைத் தூக்கி ஓரமா வைக்கப் போனேன். கைப்பிடி மாதிரி இருந்ததைப் பிடிச்சேன். அது மட்டும் கையோட வந்துச்சு, மிச்சமெல்லாம் தரையில. நீ ரெண்டு நாள் எங்கிட்ட பேசல."

அக்கா கையிலிருந்த பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

"டிப்போல ஒண்ணு ஒடைஞ்சா ஸ்டோர்ல எழுதிக் கொடுத்து வாங்கிப் பூட்டுவோம். இதை நீ எங்க போய் வாங்குவே? பாத்தா தொடத் தோணும். தொட்டா ஒடையும். அதான் பாக்கறதையே விட்டுட்டேன்."

"ஏங்க, நான் கோவத்துல பேசாம இருந்தேன்னா நினைச்சீங்க?" என்றாள் அக்கா. "எண்ணிக்கிட்டு இருந்தேங்க. எல்லாம் கட்டிலுக்கு அடியில, அலமாரிக்கு அடியிலன்னு ஓடிப் போயிருந்துச்சு. நடுவுல பேசினா கணக்கு விட்டுப் போயிடும்னு வாயைத் திறக்கல."

"ரெண்டு நாளாவா?"

"சின்னச் சின்னதா எவ்வளவு இருந்துச்சு!" என்றாள். பிறகு, "அது ஒடையற சாமானே இல்லைங்க. கழண்டு வரும், திரும்ப மாட்டிக்கலாம். அந்தக் கிரேனை அப்புறம் நானே கழட்டிப் போட்டுட்டேன்" என்றாள்.

எனக்கு இரண்டு பேரையும் ஆளுக்கு ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. ரெண்டு நாள் ஒருத்தி எண்ணினாளாம், இத்தனை வருஷம் ஒருத்தர் பயந்தாராம், நடுவில் நான் ஒருவன் இந்த மனுஷனை மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

"இவன் தலை திரும்பணும்னா என்ன வேணும்?" என்று கேட்டார் மாமா.

அக்கா டப்பாவிலிருந்து முட்டை வடிவச் சக்கரம் ஒன்றையும் சின்ன அச்சு ஒன்றையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். இடம் காட்டினாள். போல்ட்டு நட்டு இறுக்கிக் காய்த்த விரல்களுக்கு அது கடுகு மாதிரி இருந்தது. நழுவியது. மறுபடி எடுத்தார். "முறுக்காதீங்க, அமுக்குங்க" என்றாள் அக்கா. அவர் அமுக்கியபோது சமையலறை ஜன்னல் பெயர்ந்து வந்து மேசையில் விழுந்தது. மாமா கல்லாய் நின்றார். அக்கா அதை எடுத்து இருந்த இடத்தில் வைத்து ஒரு விரலால் தட்டினாள். உட்கார்ந்துகொண்டது. அவர் மூச்சு விட்டுவிட்டு மறுபடி குனிந்தார்.

சாப்பாடு முடிந்து வளையம் ஓடத் தொடங்கியது. முதல் பந்து ஏறியது. பெண் திரும்பினாள். நீலச் சட்டைக்காரனும் திரும்பினான். ஆனால் எதிர்ப்பக்கம், ஜன்னலை நோக்கி. மாமா சக்கரத்தைத் தலைமாற்றி மாட்டிவிட்டார். கயிற்றோரத்திலிருந்து எட்டிப் பார்த்த அக்கா, கூட்டத்தை மறந்து வாய்விட்டுச் சிரித்தாள். வளையத்தை இனி நிறுத்த முடியாது. சாயங்காலம் வரை அந்த ஆள் பந்துக்கு ஒருமுறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது நான் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பிடித்தேன். மாமா வேண்டாம் என்றார். வேனில் பின்சீட்டில் ஏறி, இயந்திரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அக்கா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மெதுவா ஓட்டு மச்சான்" என்று நாலு தெரு தாண்டுவதற்குள் எத்தனை தடவை சொல்லியிருப்பார் தெரியாது. நானும் மெதுவாகத்தான் ஓட்டினேன். இருந்தாலும் திருப்பத்தில் ஒரு வேகத்தடை இருந்தது எனக்குத் தெரியவில்லை. வண்டி தூக்கிப் போட்டது. பின்னால் ஏதோ டக்கென்று விழுந்து உருண்டது.

"என்னங்க விழுந்துச்சு?" என்று அக்கா கேட்டாள்.

கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கையால் இயந்திரத்தை அணைத்துக்கொண்டு மறு கையால் சீட்டுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல, ஒரு படி கழண்டுச்சு" என்றார். "எடுத்துட்டேன். வீட்டுக்குப் போனதும் நானே மாட்டிடறேன்."