எங்கள் கார் பாடிய நாட்கள்

எங்கள் கார் பாடும் என்று பள்ளிக்கூடத்தில் நான் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. உள்ளே டேப் ரிக்கார்டர் இருக்கிறதா என்று கேட்டார்கள். அதெல்லாம் இல்லை, காரேதான் பாடும் என்றேன். அது பொய்யும் இல்லை. அப்பா பிரேக்கை மிதித்தால் முன்சக்கரத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று எழும்பி, கார் நிற்கும்போது அடங்கும்.

அப்போது நாங்கள் சாத்தூரில் இருந்தோம். அப்பா ஒரு பழைய வெள்ளைக் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை. காலையில் அம்மாவையும் தெருப் பெண்கள் சிலரையும் அடைத்துக்கொண்டு கார் கிளம்பும். அவர்களைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் என்னைப் பள்ளியில் விடுவார் அப்பா. தூக்கம் முழுதாகக் கலையாத நேரம் அது. அம்மா மடியில் கண்ணை மூடிக் கிடப்பேன். குரல் நீளமாக வந்தால் ரயில்வே கேட். விட்டு விட்டு வந்தால் ரோட்டில் ஆட்டு மந்தை. பாட்டு அடங்கி, மடி என்னைவிட்டு நழுவினால் கம்பெனி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அரைத்தூக்கத்தின் சுகம் அதற்குப் பிறகு எந்த மெத்தையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

"ரேடியோ வாங்குற செலவு மிச்சம்க்கா ஒங்களுக்கு" என்று பின்சீட்டுப் பெண்கள் அம்மாவைக் கேலி செய்வார்கள். அப்பாவும் கண்டுகொள்ளாமல் விட்டவர் அல்ல. சக்கரத்தின் சந்து வழியே எட்டிப் பார்த்து, சக்கரத்தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடு தேயாமல் கனமாகத்தான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்துப் போவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். அந்த ஞாயிறு வரும்வரை நான் கனவிலேயே அருவியில் குளித்துக்கொண்டிருந்தேன். அன்று புளிச்சோறு கட்டியாயிற்று. லாரிப் பட்டறையில் வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களோடு வருவதற்காகக் காலையிலேயே வந்துவிட்டார். அப்பா காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கார் பாடியது. மாமாவின் முகம் மாறிவிட்டது.

"மச்சான், இத எம்புட்டு நாளா இப்படியே ஓட்டுறீக?"

"பேடு நல்லாத்தான் இருக்கு மாப்ள. போயிட்டு வந்து பாத்துக்கிடுவோம்."

"கழட்டிப் பாத்துட்டுக் கெளம்புவோம்."

அந்த நிமிடம் மாமாவை நான் மனதார வெறுத்தேன். அவரோ சாவகாசமாகப் பின்சக்கரங்களுக்குக் கல்லை அண்டக் கொடுத்தார். கார் தரையில் நிற்கும்போதே நட்டுகளை இளக்கினார். ஜாக்கியில் தூக்கிய பிறகும் அதை மட்டும் நம்பாமல், பக்கத்துத் தெருப் பட்டறையில் இரும்பு முக்காலி ஒன்றை இரவல் வாங்கி வந்து அடியில் கொடுத்தார். சக்கரம் இறுகிப்போய்க் கழல மறுத்தது. அப்பா சுத்தியலை எடுத்து ஒரு போடு போட்டார்.

சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். கம்பெனியில் இரும்பின் மேல் இரும்பு படக் கூடாது, பொறி பறந்தால் மருந்து பற்றிக்கொள்ளும். அந்தப் பயத்தை அம்மா சாயங்காலம் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவாள். கரண்டி கீழே விழுந்தாலே துள்ளுவாள். இப்போது சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு துணி துவைக்கும் கட்டையை நீட்டினாள். மாமா சிரித்தாலும் அதை வாங்கித்தான் டயரைத் தட்டினார். சக்கரம் கழன்றது.

பேடுகளைப் பிடித்திருந்த காலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி அதை மேலே தூக்கினார். பிரேக் குழாய் இழுபடாமல் கம்பியால் கட்டினார். உள்ளே கறுப்புத் தூசி அப்பியிருந்தது. அப்பா குனிந்து ஊதப் போனார். "ஊதாதீக மச்சான், நெஞ்சுக்குள்ள போயிரும்" என்று தடுத்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார் மாமா. காருக்குள் ஏறப் போன என்னை, பிரேக்கை மிதித்துத் தொலைப்பேன் என்று இறக்கிவிட்டார்கள்.

கடைசியில் இரண்டு பேடுகள் தரையில் கிடந்தன. வெளிப்பக்கத்துப் பேடு கனமாக இருந்தது. அப்பா சந்து வழியே பார்த்துவந்தது அதைத்தான். உள்பக்கத்துப் பேடில் வெறும் தகடு மட்டும் மிச்சமிருந்து பளபளத்தது.

"காலிப்பர் நகர்ற இந்தப் பின்னு இறுகிப்போச்சு. உள்பேடு மட்டும் தேஞ்சுருக்கு" என்றார் மாமா. "இரும்பும் இரும்பும்ல ஒரசிக்கிட்டு வந்துருக்கு. பொறி பறந்துருக்கும், நீங்க பாத்துருக்க மாட்டீக."

அம்மா சுத்தியலைக் கீழே வைத்தாள். சத்தமில்லாமல் வைத்தாள்.

"கம்பெனி வாசல்லயுமாடா?"

மருந்து மூட்டைகள் இறங்கும் வாசல் அது. அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அப்போ குற்றாலம், என்று நான் கேட்டேன். யாருக்கும் காது கேட்கவில்லை. நான் அழுதேன்.

மாமா செல்போனில் யார் யாரையோ பிடித்து ஒரு கடையைத் திறக்கவைத்தார். சிவகாசி போய்ப் புதுப் பேடுகளும், கோடு விழுந்துபோன தட்டுக்கு மாற்றும் வாங்கிவந்து, இரண்டு பக்கமும் மாட்டி முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக்கை மிதித்து மிதித்து அழுத்தம் ஏற்ற வேண்டுமாம். அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா எழுந்திருக்கவில்லை. அம்மாதான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"பெடல் அடியோட போகுதுடா!" என்று பதறினாள்.

"மிதிக்கா, மிதி. ஏறிரும்."

மிதிக்க மிதிக்கப் பெடல் கெட்டிப்பட்டது. போதும் என்றார் மாமா. அம்மா காலை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்தபடி, பெடலை அழுத்திக்கொண்டே இருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. என்னைப் போலவே அம்மாவுக்கும் குற்றாலம் போக முடியாத துக்கம் என்று நினைத்தேன். சரி, நாமாவது போவோம் என்று மறுபக்கம் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினேன். கார் ராஜபாளையத்தைத் தாண்டியது. தென்காசி வந்தது. முகத்தில் சாரல் விழுந்தது.

"எங்கனம்மா வந்துருக்கோம்?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வந்துட்டோம் தாயி" என்றாள் அம்மா. "எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டோம்."

எனக்குக் கோபமான கோபம். நாங்கள் இன்னும் கிளம்பவே இல்லையே.